நான் போய் வந்த ஸ்கொட்லாந்து

2004 பெப்ரவரி 11, புதன்

இன்றைக்குப் படம்பிடிக்கும் வகுப்பில் எனக்கு நல்ல பேச்சு விழுந்தது. "என் தெரு" என்று பத்துப் படம் எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். பத்தும் கொண்டுபோனேன். பத்திலும் இவர் நிற்கிறார். பாண் கடைக்கு முன்னால் இவர், பேருந்துத் தரிப்பிடத்தில் இவர், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்திலும் கையைக் காற்சட்டையோடு ஒட்டிக்கொண்டு இவர். ஆசிரியை வீப்கே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இந்த மனிதர் யார், ஏன் ஹம்பேர்க் முழுக்கக் காவல் நிற்கிறார் என்று கேட்டாள்.

என் கணவர் மரியரட்ணம் என்றேன். ஆள் இல்லாமல் படம் எடுத்தால் எங்கள் சனம் "ஏன் சும்மா ரோட்டை எடுத்து வைத்திருக்கிறாய், பில்ம் வீண்" என்று ஏசும் என்பதை எனக்கு வந்த டொச்சில், அதாவது ஜேர்மன் பாஷையில், விளங்கப்படுத்தினேன். இது டிஜிற்றல் கமெரா, பில்ம் இல்லை என்று ஹெல்முட் சொன்னார். கப்பலில் எஞ்சின் பார்த்து ஓய்வுபெற்ற கிழவர். முழங்கை நீளத்தில் ஒரு லென்ஸ் வைத்திருப்பதால் தன்னை உதவி ஆசிரியர் என்று நினைப்பு. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது.

கடைசியில் வீப்கே ஒரு செய்தி சொன்னாள். மே மாதம் நாலு நாள் லீவில் எல்லோரும் ஸ்கொட்லாந்து போகிறோமாம். ஸ்டேர்லிங் என்று பழைய நகரம். மலையில் கோட்டை, கீழே கல் வீடுகள். காலையிலிருந்து மாலைவரை கமெராவோடு நடப்பதுதான் வேலை. முதலில் கை தூக்கியது நான். தூக்கிய பிறகுதான் இவரிடம் கேட்கவில்லை என்பது ஞாபகம் வந்தது.

பெப்ரவரி 15, ஞாயிறு

பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது வெரோனிக்கா அக்காவிடம் மட்டும் சொன்னேன். பங்கில் ஒரு செய்தி பரவவேண்டும் என்றால் அவவிடம் மட்டும் சொன்னால் போதும், சுவாமியார் அறிவிக்கத் தேவையில்லை. அவவின் மச்சான் கிளாஸ்கோவில் இருக்கிறாராம். ஸ்கொட்லாந்தில் அவ போகாத இடமே இல்லையாம். அங்கே ஒரே மழை, நான் என்னத்தைப் படமெடுக்கப்போகிறேன் என்று கேட்டா. மழையைத்தான் எடுக்கப்போகிறேன் அக்கா என்றேன்.

மார்ச் 7, ஞாயிறு

இவர் ஸ்கொட்லாந்துக்கு ஓம் சொல்லிவிட்டார். ஆனால் ஓமோடு சேர்த்து, ஜேர்மன் பிரசாவுரிமைக்கு விண்ணப்பம் போடச் சொல்லும் பழைய பாட்டையும் பாடினார்: "அப்பிடியே அந்த அன்ராக்கையும் ஒருக்காப் போடுமன்."

இவரும் மகள் மெலனியும் இரண்டு வருசத்துக்கு முன்னரே ஜேர்மன் பாஸ்போட் எடுத்துவிட்டார்கள். வீட்டில் நான் ஒருத்திதான் இன்னும் அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் புத்தகத்தோடு இருக்கிறேன். அன்ராக் போடாததற்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. "நான் ஊருக்குப் போற ஆள், எனக்கேன் மற்றவன்ரை பாஸ்போட்?" நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வேன். போன வருசம் சண்டை நின்றிருக்கிறது என்று இவரும் மெலனியும் அந்த மற்றவன்ரை பாஸ்போட்டில்தான் யாழ்ப்பாணம் போய் என் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தார்கள். நீலப் புத்தகத்தில் ஊரைத் தவிர மற்ற இடத்துக்கெல்லாம் போகலாம். விமான நிலையத்தில் கை காட்டிவிட்டுத் திரும்பி வந்து மூன்று கிழமை நான் தனியே இருந்தேன். ஆகவே என் பதிலில் பெரிய ஓட்டை இருக்கிறது. இவருக்கும் அது தெரியும். சுட்டிக்காட்டியதில்லை.

இந்த நாட்குறிப்புக் கொப்பிக்காவது உண்மை சொல்வோம். எனக்குச் சோதனைக்குப் பயம். பாஸ்போட் வேண்டுமென்றால் டொச்சில் எழுதிக் காட்டவேண்டும், கதைத்துக் காட்டவேண்டும். மெலனிக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது ஒரு அரசாங்கக் கந்தோரில் நான் இரண்டு வசனம் சொல்வதற்குள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டுப் பிள்ளையைப் பார்த்து, "நீ சொல்லு" என்றார். பிள்ளை சொன்னது. நான் பக்கத்தில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

முதியோர் இல்லக் குசினியில் பதினொரு வருசமாக உருளைக்கிழங்குக்குச் சண்டை பிடிக்கிறேன். அதுவும் டொச்சில்தான். ஆனால் அது டொச்சில் சேர்த்தியா? அது உருளைக்கிழங்கு.

மே 19, புதன்

பெட்டி அடுக்கியாச்சு. குடை இரண்டு. நாளைக்கு ஸ்கொட்லாந்து.

மே 20, வியாழன். சரளா வீடு, ரைனே

எங்கேயிருந்து தொடங்க.

காலமை ஆறரைக்கு இவர் என்னை விமான நிலையத்திலை இறக்கிப்போட்டு, கார் விட இடமில்லையெண்டு போயிட்டார். நல்லகாலம், அவர் போனது. ஒன்பது பேர் வரிசையிலை நிண்டம். எட்டுப் பேருக்கு அட்டை குடுத்தாச்சு. என்ரை நீலப் புத்தகத்தைக் கவுண்டரிலை இருந்த பிள்ளை முன்னாலை பிரட்டுது, பின்னாலை பிரட்டுது, ஆரையோ கூப்பிடுது. பிரித்தானியாவுக்கு விசா எங்கையாம். நான் சொன்னன், மூண்டு வருசத்துக்கு முன்னம் லண்டனுக்குக் கலியாணத்துக்கு இதே புத்தகத்தோடைதான் போனனான், முத்திரையைப் பாருங்கோ எண்டு. பார்த்தது. போன வருசம் சட்டம் மாறிட்டுதாம், இப்ப இந்தப் புத்தகத்துக்கு விசா வேணுமாம். ஆர் எனக்குச் சொன்னது? ஒருத்தரும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை. பாரிசுக்கும் கொலண்டுக்கும் ஆடித் திரிஞ்ச திமிரிலை எல்லாம் ஒண்டெண்டு நினைச்சிட்டன்.

வீப்கேக்குக் கண் கலங்கிவிட்டது. ஹெல்முட் அந்தப் பிள்ளையோடு சண்டைக்குப் போனார். நான்தான், போங்கோ, விமானம் விட்டுவிடும் என்று அனுப்பினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எட்டுப் பேரும் கை காட்டினார்கள். எப்போதும் இந்தப் பக்கம் நிற்பது நான்தான் போலிருக்கிறது.

வீட்டுக்குப் போயிருக்கலாம். போனால் இவர் ஒன்றும் சொல்லமாட்டார். ஒன்றும் சொல்லாமல் அன்ராக் படிவத்தை எடுத்துத் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைப்பார். பிறகு சோதனைக்கு இருக்காமல் தப்ப எனக்கு வாயே இராது. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு எந்த முகத்தோடு போவது? விமான நிலைய வாங்கிலில் ஒரு மணித்தியாலம் இருந்து யோசித்தேன். பிறகு ரயில் ஏறி இங்கே வந்துவிட்டேன். சரளா எனக்கு அகதி முகாம் காலத்துச் சிநேகிதி. அப்போது ஒரே அறையில் எட்டு மாதம் இருந்தோம். கதவைத் திறந்தவள் பெட்டியையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, "மரியரட்ணத்தார் அடிச்சவரோடி?" என்று கேட்டாள். கதையைச் சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிக்க எனக்கும் சிரிப்பு வந்து, அதோடு அழுகையும் வந்தது.

அவள்தான் சொன்னாள்: "கோட்டையும் கல்லு வீடும்தானே வேணும்? ரயிலிலை ஏறினால் கொஞ்ச நேரத்திலை பென்ட்ஹைம் கிடக்கு. வா, உனக்கு ஸ்கொட்லாந்து காட்டுறன்."

மே 21, வெள்ளி

பென்ட்ஹைம் நல்ல ஊர். பாறைக்கு மேல் கோட்டை, சரிவில் ஒடுங்கிய தெருக்கள், எல்லாம் மணற்கல். நல்ல மழையும் பெய்தது. கடவுள் எங்கள் பக்கம்.

ஆனால் ஜேர்மனி என்பது எவ்வளவு இடத்தில் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறது என்பது அதை மறைக்கப் பார்க்கும்போதுதான் தெரியும். மஞ்சள் தபால் பெட்டி, கார் இலக்கத் தகடு, மருந்துக் கடையின் சிவப்பு எழுத்து, நாய் அசிங்கம் செய்யக்கூடாது என்ற பலகை. சரளாதான் திரை. நான் கமெராவைத் தூக்க அவள் ஓடிப்போய்க் குடையை விரித்துத் தபால் பெட்டியை மறைப்பாள். அடுத்த தெருவில் இலக்கத் தகடு மறையக் கார் முகப்பில் குந்துவாள். ஒரு கார்க்காரர் ஏன் தன் வண்டியில் இருக்கிறாய் என்று கேட்டார். கால் உளைவு என்றாள். அவர் பாவம், வைத்தியரைக் கூப்பிடவா என்று கேட்டார்.

பின்னேரம் ஒரு பழைய வீட்டுக் கதவை எடுத்துக்கொண்டிருந்தோம். யன்னல் திறந்தது. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா யாரைக் கேட்டுத் தன் வீட்டைப் படமெடுக்கிறோம் என்று அதட்டினா. கண்காட்சிக்கு என்றேன். கண்காட்சியா என்று கேட்டுவிட்டு யன்னலைச் சாத்தினா. பொலிசைக் கூப்பிடப்போகிறா என்று சரளா குடையைச் சுருக்கி ஓடத் தயாரானாள். ஐந்து நிமிசத்தில் கதவைத் திறந்துகொண்டு வாளியும் துணியுமாக அந்த அம்மா வந்தா. படியைத் துடைத்தா. யன்னல் சேலையை மாற்றினா, பூச்சாடியை இடம் மாற்றினா, சப்பாத்துத் துடைக்கும் கால்மிதியை உள்ளே எறிந்தா. "இப்போது எடுக்கலாம்" என்றா. எங்கள் வீடுகளில் வீடியோக்காரன் வரும்போது நடப்பதும் இதுவேதான். பிறகு கோப்பியும் கேக்கும் தந்தா.

இரவு தொலைபேசி அட்டை போட்டு வீட்டுக்கு எடுத்தேன். அங்கே எப்படி என்று இவர் கேட்டார். குளிர், ஒரே மழை, கோட்டை பெரிது என்றேன். அந்த நேரம் பார்த்துச் சரளாவின் குக்கர் விசில் அடித்தது. "என்ன சத்தம்?" "ரயில்." "ஹோட்டலுக்குப் பக்கத்திலையோ?" "ஓம், சரியான பக்கத்திலை." இரண்டாவது விசிலும் அடித்தது. அடிக்கடி ரயில் ஓடும் நாடு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

மே 23, ஞாயிறு

ஹம்பேர்க் ரயில் நிலையக் கடையில் பாவாடை கட்டிய ஸ்கொட்லாந்து மேளக்காரன் படம் போட்ட பிஸ்கற் ரின் ஒன்று வாங்கினேன். இவர் பிஸ்கற்றைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டார். ஸ்கொட்லாந்துப் பிஸ்கற் நல்ல ருசி என்றார். பெட்டியைத் தானே அவிழ்த்து, உடுப்பை எடுத்து, நீலப் புத்தகத்தை மேசை லாச்சியில் வைத்தார். கடவுளே, நல்ல மனிசனை ஏமாற்றுகிறேன். பாவம்தான். ஆனால் அறுநூறு படம் இருக்கிறது.

மே 26, புதன்

வகுப்பு. எல்லோரும் கவலையோடு என்னைப் பார்த்தார்கள். நான் பென்ட்ஹைம் கதையைச் சொல்லிப் படங்களைக் காட்டினேன். வீப்கே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சரளா குடையோடு ஓடுகிறாள், சரளா காரில் இருந்து சிரிக்கிறாள், ஒரு மூலையில் சரளாவின் பாதி முதுகு, அந்த அம்மா வாளியோடு முறைக்கிறா. இதில் ஒருவரும் காவல் நிற்கவில்லை என்றாள் வீப்கே. வகுப்பில் இதுதான் நல்ல வேலை என்றும் சொன்னாள். ஹெல்முட் தன் கோட்டைப் படங்களைத் திரும்ப உறைக்குள் போட்டார்.

எல்லாம் செப்ரெம்பரில் நூலகத்தில் கண்காட்சியாக வருமாம். நூலகம் எங்கள் கோவிலுக்குப் பக்கத்துத் தெரு.

ஜூன் 12, சனி

மெலனி கண்டுபிடித்துவிட்டாள். கணினியில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு யன்னல் கண்ணாடியில் தலைகீழாக விழுந்திருந்த மருந்துக் கடை எழுத்தைக் கண்டுவிட்டு, "அம்மா, ஸ்கொட்லாந்திலையும் டொச்சிலைதான் மருந்து விக்கிறவையோ?" என்று கேட்டாள். பதினேழு வயசு. பொய் சொல்லியும் பார்த்தேன், எடுபடவில்லை. வாய் மூடுவதற்கு அவள் கேட்டது, தலைமயிரில் ஒரு பக்கம் ஊதா நிறம்.

ஜூன் 13, ஞாயிறு

ஊதா. பூசையில் எல்லோரும் பார்த்தார்கள். யார் விட்டது என்று இவர் கேட்டார். நான்தான், பிள்ளைகளுக்குச் சுதந்திரம் வேண்டும் என்றேன். இவர் என்னை நெடுநேரம் பார்த்தார்.

ஓகஸ்ட் 18, புதன்

வீப்கேயிடம் கெஞ்சினேன். படங்களுக்குக் கீழே பென்ட்ஹைம் என்று எழுதவேண்டாம். என் குடும்பமும் பங்குச் சனமும் வரும். அவள் பொய் எழுதமாட்டாள். வட ஜேர்மனிப் பெண், முதுகு வளையாது. கடைசியில் ஒரு வழி சொன்னாள். ஒருவர் படத்துக்கும் இடத்தின் பெயர் போடாமல் கண்காட்சிக்கு "பழைய நகரில் நாலு நாள்" என்று பெயர் வைக்கலாம். அது எல்லோருக்கும் உண்மைதானே. நான் அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். கையை விடாமல், தனக்கும் ஒன்று வேண்டும் என்றாள். ஒவ்வொருவரும் தன் படங்களைப் பற்றிப் பத்து நிமிசம் பேசவேண்டும். என் பேச்சை எழுதிக் கொடுத்தால் எனக்காகத் தானே வாசிப்பதாக முன்னர் சொல்லியிருந்தாள். அது இனி இல்லை. நானே பேசவேண்டும், கையில் தாள் இருக்கக்கூடாது.

பழிவாங்குகிறாளா, என்ன?

செப்ரெம்பர் 5, ஞாயிறு

கண்காட்சிக்கு இன்னும் ஐந்து நாள். கனவிலும் அந்தக் கந்தோர் மனிசன் கையை உயர்த்துகிறான்.

செப்ரெம்பர் 8, புதன்

குசினியில் கரட் வெட்டிக்கொண்டே பேசிப் பார்த்தேன். கூட வேலை செய்பவள் நின்று கேட்டுவிட்டு, யாரோடு சண்டை என்று கேட்டாள்.

செப்ரெம்பர் 10, வெள்ளி

முடிந்தது. எழுதாமல் படுக்க ஏலாது.

எழுபது பேர் வரையில் சனம். இவர் கோட் போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தார், பக்கத்தில் ஊதா மெலனி. மூன்றாம் வரிசை முழுக்க எங்கள் பங்கு. வெரோனிக்கா அக்கா பட்டுச்சேலையில் வந்திருந்தா. சரளா ரைனேயிலிருந்து வந்து கடைசி வரிசையில் தலையைத் துணியால் மூடிக்கொண்டு இருந்தாள். சுவரெல்லாம் அவள் படம் என்றால் வேறு என்ன செய்வாள்.

பேசத் தொடங்குமுன் வெரோனிக்கா அக்கா என் கோட்டைப் படத்துக்கு முன்னால் நின்றா. கிளாஸ்கோ மச்சான், போகாத இடமில்லை என்றவ. கிட்டப்போய்ப் பார்த்தா, தள்ளி நின்று பார்த்தா. பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னா:

"ஓம் ஓம், இதுதான் இடம். இந்தப் படியிலைதான் நானும் மச்சானும் நிண்டு படம் எடுத்தனாங்கள்."

அந்த நேரத்திலேயே என் பயத்தில் பாதி போய்விட்டது. மேடையில் ஏறினேன். முதல் வசனத்தில் நாக்கு இழுத்தது. இரண்டாவதில் எந்த வினைச்சொல் எங்கே போகவேண்டும் என்று தெரியவில்லை, எங்கேயோ போட்டேன். ஒருவரும் கையை உயர்த்தவில்லை. அந்த நகரத்து மழையைச் சொன்னேன். படி துடைத்த அம்மாவைச் சொன்னேன், அவ குரலிலேயே. சிரித்தார்கள். ஜேர்மன்காரர் என் டொச்சுக்குச் சிரிக்கவில்லை, நான் சொன்ன கதைக்குச் சிரித்தார்கள். அந்த வித்தியாசம் எனக்கு உடனே தெரிந்தது. பிறகு என்னை நிறுத்தமுடியவில்லை. காரில் குந்திய சிநேகிதி, வைத்தியரைக் கூப்பிடப்போன கார்க்காரர், எங்கள் சனம் ஏன் ஆளில்லாமல் படம் எடுப்பதில்லை என்பது, எல்லாம் சொன்னேன். நகரத்தின் பெயரை மட்டும் ஒரு தடவையும் சொல்லவில்லை. "அந்த நகரம்", "அந்தக் கோட்டை", "அங்கே உள்ளவர்கள்". பதினேழு நிமிசம் போயிருந்தது.

கேள்வி நேரத்தில் ஹெல்முட் கை தூக்கினார். கிழவரின் மீசை துடிப்பதைப் பார்த்தே ஏதோ வரப்போகிறது என்று தெரிந்தது. "அந்த ஊர் மக்கள் பேசுவது உங்களுக்கு விளங்கியதா?"

"முதலில் கஷ்டமாக இருந்தது," என்றேன். "ஹம்பேர்க்காரரைப்போல் தெளிவாகப் பேசமாட்டார்கள். இரண்டாம் நாள் பழகிவிட்டது."

வகுப்புக்காரர் எல்லோரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். வீப்கே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு எஸ்-பான் ரயிலில் வந்தோம். மெலனி காதில் பாட்டுக் குழாயைச் செருகியிருந்தாள். எங்கள் தரிப்பிடத்தில் இறங்கிப் படியேறும்போது இவர் கேட்டார், பென்ட்ஹைமிலும் நல்ல மழையோ என்று.

நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். நான் திரும்பி வந்த அன்றைக்கே தெரியுமாம். பெட்டியை அவிழ்த்தபோது நீலப் புத்தகத்தைப் பிரட்டிப் பார்த்தாராம். லண்டன் கலியாண முத்திரை ஒன்றுதான் இருந்தது, புதிதாக ஒன்றும் இல்லை. ஊர் எது என்று எப்படித் தெரிந்தது? பையில் கிடந்த ரயில் ரிக்கற். நாலு மாதம் இந்த மனிசன் என் பிஸ்கற்றையும் சாப்பிட்டுவிட்டு, நான் கோட்டைக் கதை சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கோபத்தோடு கேட்டேன். பொய் சொன்னது நான், கோபமும் எனக்குத்தான்.

"நீர் எவ்வளவு தூரம் போறீர் எண்டு பார்ப்பம் எண்டு இருந்தன்," என்றார். பிறகு படியில் நின்று என் கண்ணைப் பார்த்தார். "பதினேழு நிமிசம் டொச்சிலை புளுக ஏலுமெண்டால், ஞானம், உண்மையைச் சொல்லிக் கேக்கிற சோதனைக்கு ஏன் பயப்பிடுறீர்?"

நாட்டுப்பற்றுப் பதில் வாய்வரை வந்தது. வெளியே வரவில்லை. பயம்தான் என்று சொன்னேன். முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன், அந்தக் கந்தோர்க் கதையையும் சொன்னேன். இவருக்கு அது தெரியாது. எட்டு வருசம் சொல்லவில்லையே என்றார். படியிலேயே இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இருந்தோம். கீழ்வீட்டுக்காரி வந்து வழி விடச் சொன்னாள்.

செப்ரெம்பர் 13, திங்கள்

தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் படிவம். இந்த மனிசன்!

நவம்பர் 13, சனி

சோதனை. கடிதம் எழுதச் சொன்னார்கள்: வெந்நீர் வரவில்லை என்று வீட்டுச் சொந்தக்காரருக்கு. இந்தக் கடிதத்தை நான் வாழ்க்கையில் மூன்று தடவை உண்மையாகவே எழுதியிருக்கிறேன், அதுவும் நல்ல கோபத்தோடு. கதைக்கிற பகுதியில் என் வேலையைப் பற்றிக் கேட்டார்கள். உருளைக்கிழங்கில் தொடங்கினேன். கடைசியில் அவர்கள்தான் மணிக்கூட்டைப் பார்த்துப் போதும் என்றார்கள்.

டிசெம்பர் 2, வியாழன்

பாஸ். மெலனிக்குத் தொலைபேசி எடுத்தேன். "நீ சொல்லு" என்றேன், "அப்பாட்டைச் சொல்லு". சொல்லிவிட்டுக் குசினிக் குளிரறைக்குள் போய் அழுதேன். பட்டாணிப் பைகளுக்கு நடுவில்.

2005 நவம்பர் 8, செவ்வாய்

புதிய பாஸ்போட் எடுக்கப் போனோம். இவர் லீவு எடுத்துக்கொண்டு வந்தார். நீலப் புத்தகத்தை முன்னமே திருப்பிக் கொடுத்தாயிற்று. அதைக் கொடுத்த அன்று மனம் கனத்தது, மறைக்கவில்லை. பதினைந்து வருசம் எனக்கு அதுதான் வீட்டுக் கதவைத் திறக்கும் திறப்புப்போல இருந்தது. இன்றைக்கு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது ஒரு இளம் பெண். நான் பேசியதை முடிவுவரை கேட்டாள், மெலனியின் வயசுதான் இருக்கும். சிவப்புப் புத்தகத்தை நீட்டி, இனி முதல் பயணம் எங்கே என்று சிரித்துக்கொண்டு கேட்டாள்.

தையில் யாழ்ப்பாணம், அக்காவிடம் என்றேன். பிறகு மே மாதம் படம்பிடிக்கும் வகுப்போடு ஸ்கொட்லாந்து.

அவளுக்கு ஸ்கொட்லாந்து என்றால் உயிராம். முன்னரே போயிருக்கிறீர்களா என்று கேட்டாள்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக.

"ஓம், போயிட்டு வந்தவ," என்று இவர் முந்திக்கொண்டு, நல்ல டொச்சில், முகம் மாறாமல் சொன்னார். "நாலு நாள். ஒரே மழை. ஆனால் சனம் நல்ல சனமாம்."